மெயினண்ணன் மாட்டிய டிவி

லிஃப்ட் கம்பெனியில் அவரை எல்லோரும் மெயினண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், எந்தக் கோளாறாக இருந்தாலும், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே "மெயின் ஆஃபா?" என்று கேட்பார். ஆஃப் என்று யார் சொன்னாலும் நம்பமாட்டார். தானே போய் சுவிட்சை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் லிஃப்ட் குழிக்குள் கால் வைப்பார். "அண்ணே, கனவு காண்றதுக்கு முன்னாடியும் மெயின இறக்கிடுவீங்களாமே?" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் ஓட்டுவார்கள். அவர் ஒன்றும் குறையாத பத்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். அதுதான் அவருடைய பதில்.

வேலையில் இத்தனை கவனமான மனிதர் வீட்டில் வாயே திறக்கமாட்டார். பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருந்தால்கூட மனைவிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சண்டை தொடங்கினால் இவர் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவார். ஒருநாள் அப்படி எழுந்தவர் துணிப் பையையும் எடுத்துக்கொண்டார். இப்போது ஒரு மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு சின்ன சமையல் மேடை. பன்னிரண்டு வயது மகள் அம்மாவோடு இருந்தாள்.

மகளை இரண்டு தடவை ஓட்டலுக்குக் கூட்டிப் போனார். எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். "ஸ்கூல் எப்படிப் போகுது?" என்றார். "போகுது" என்றாள். பேச்சுக் கையிருப்பு அதோடு தீர்ந்துவிட்டது. மேசைக்கு அடியில் அவள் ஃபோனில் மணி பார்த்ததை அவர் கவனித்தார். அதற்குப் பிறகுதான் மனைவி ஒரு முடிவு சொன்னாள்.

"இந்த சனிக்கிழமை உங்க ரூமுக்கு அனுப்பறேன். அவளுக்குப் பிடிச்சா வாராவாரம் வரட்டும். பிடிக்கலன்னா நீங்க வற்புறுத்தக் கூடாது. நானும் மாட்டேன்."

எதிரே உட்கார்ந்தால்தானே பேச வேண்டியிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்தால்? இந்த யோசனை வந்ததும் அவருக்கு வழி தெரிந்த மாதிரி இருந்தது. பெரிய ஹெச்டி டிவி ஒன்றை வாங்கினார். இரண்டு பேர் விளையாடும்படி இரண்டு கன்ட்ரோலரோடு ஒரு கேம் பெட்டி. விளையாடி அலுத்தால் படம் பார்க்கலாம் என்று, தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடந்த டிஸ்க் பிளேயரையும் கேட்டு வாங்கிக்கொண்டார். லிஃப்ட் மோட்டாரையே தாங்குகிற மாதிரி நான்கு ஆங்கர் போல்ட் அடித்து டிவியை மாட்டினார். சுவருக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு தாள்கூட நுழையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சனிக்கிழமை காலை மகளை அழைத்து வந்தவன் மனைவியின் தம்பி. வாசலிலேயே நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"என்ன மச்சான், தியேட்டரே கட்டிட்டீங்க! உக்காரத்தான் இடம் இல்ல."

"உள்ள வா மாப்ள."

"இருக்கட்டும். நான் கீழ கார்லயே இருக்கேன்." பிறகு மகளிடம், இவர் காதில் விழும்படியே சொன்னான்: "வாண்டு, போரடிச்சா ஒரு மிஸ்டு கால் குடு. மாமா பறந்து வந்துடுவேன்."

மகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தோள்பையைக் கழற்றவில்லை. ஃபோன் கையிலேயே இருந்தது. அவர் கேம் பெட்டியை ஆன் செய்தார். திரையில் ஒரு வெள்ளைக் கோடு முளைத்து, எறும்பு மாதிரி ஊர்ந்தது.

"அப்டேட் ஆகுது. முடிய நேரமாகும்" என்றாள் மகள்.

"அதுவரைக்கும் படம் பாக்கலாமா?" என்று ரிமோட்டை அழுத்தி டிவியை டிஸ்க் பிளேயருக்கு மாற்றினார். படம் வந்தது. ஈரக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி வந்தது. முகங்கள் எல்லாம் கரைந்து வழிந்தன.

"இதுவா ஹெச்டி?"

அவர் கடைக்காரருக்கு ஃபோன் போட்டார். "மஞ்சள், சிவப்பு, வெள்ளைன்னு மூணு கலர் ஒயரா சார் சொருகியிருக்கீங்க? அதுல அவ்ளோதான் வரும். ஹெச்டிஎம்ஐ ஒயரைப் போடுங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். டிவிப் பெட்டியில் அந்த ஒயர் ஒன்று உபரியாக இருந்தது. ஆனால் அதைச் சொருக டிவிக்குப் பின்னால் கை போகவேண்டுமே. விரலைக்கூட நுழைக்க முடியவில்லை. தான் அடித்த போல்ட்டைத் தானே கழற்றுவதைத் தவிர வழியில்லை.

மகள் எழுந்து தண்ணீர் குடிக்க சமையல் மேடைப் பக்கம் போனாள். ஃபோனில் அவள் கட்டைவிரல் எதையோ தேடுவது போலிருந்தது. அவர் அவசரமாக ஸ்பானரை எடுத்தார். ஸ்பானர் கைக்கு வந்ததுமே கால்கள் தாமாக வாசலுக்கு வெளியே இருந்த போர்டுக்குப் போய்விட்டன. சுவிட்சை இறக்கினார், ஃபியூஸைப் பிடுங்கினார், சட்டைப் பையில் போட்டார். அவரைக் கேட்டால், நினைத்துச் செய்ததாக ஒன்றுகூட இல்லை என்பார்.

ஃபேன் நின்றது. அந்த அமைதியில் மகளின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

"அப்பா! என்ன பண்ணீங்க?"

"டிவியைக் கழட்டணும்மா. அதான் மெயினை..."

"அப்டேட் ஓடிட்டு இருந்துச்சு! நடுவுல ஆஃப் பண்ணக் கூடாது!"

அவர் ஃபியூஸைத் திரும்பச் சொருகி, சுவிட்சை ஏற்றிவிட்டு உள்ளே வந்தார். டிவியில் கேம் பெட்டியின் படத்தைக் கொண்டுவந்தார். வெள்ளைக் கோடு இல்லை. கறுப்புத் திரையில் நான்கு வரி எழுத்து மட்டும் இருந்தது. மகள் படித்தாள்.

"ஸ்டார்ட் பண்ண முடியலையாம். போச்சு."

"இரு, நான் பாக்கறேன்." அவர் பெட்டியின் பொத்தானைத் தேடிக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க! மறுபடியும் நீங்களே எதையாவது பண்ணாதீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"பழக்கம்மா, கை தானா..."

"அன்னைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினப்பவும் கேக்கல."

மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டு வாசலை ஒட்டியே இருந்தது. நடந்தால் நாலே எட்டு. கால்கள் அந்தப் பக்கம் இழுப்பதை அவரே உணர்ந்தார். மகள் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் மாமாவின் பெயர் இருந்தது. அழுத்தினால் முடிந்தது. இந்த வாரத்தோடு எல்லாம் முடிந்தது.

அவர் தரையில் உட்கார்ந்தார்.

"கேக்கல. கேட்டா நீ போகாதன்னு சொல்லுவ. அப்புறம் என்னால போக முடியாது. அந்தப் பயத்துலதான் கேக்கல. தப்புதான். இப்ப கேக்கறேன். இதை என்ன பண்ணலாம்?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த நான்கு வரியைத் திரும்பவும் படித்தாள். வேண்டுமென்றே மெதுவாகப் படிக்கிறாளோ என்று அவருக்குத் தோன்றியது.

"கன்ட்ரோலரை ஒயர் போட்டுச் சொருகச் சொல்லுது" என்றாள் கடைசியில். "ஒயர் எங்க?"

"பெட்டியில இருக்கு. எடுக்கட்டுமா?"

"எடுங்க."

அவர் எடுத்துக் கொடுத்தார், அவள் சொருகினாள். ஒவ்வொன்றையும் அவள் படித்து, அழுத்தலாமா என்று இவரைக் கேட்டாள். இவருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவள் கேட்டாள், இவர் "உனக்குச் சரின்னா சரி" என்றார். புது சாஃப்ட்வேர் அவர் ஃபோனின் நெட்டில் இறங்கத் தொடங்கியது. வெள்ளைக் கோடு மறுபடி முளைத்தது.

"டிவியைக் கழட்டலாமா? கரென்ட்டை நிறுத்தாமலா?" என்றார் அவர். கெஞ்சுகிற குரலாகவே வந்துவிட்டது.

"டிவி பிளக்கை மட்டும் பிடுங்குங்கப்பா. எதுக்கு ஊரையே இருட்டாக்கறீங்க?"

பிளக்கைப் பிடுங்கினார். போல்ட்டுகளைக் கழற்றினார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து டிவியை இறக்கி, தரையில் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். கனத்தில் அவள் "ஐயோ ஐயோ" என்றாள். ஹெச்டிஎம்ஐ ஒயரைச் சொருகிப் பிளக்கைப் போட்டதும் படம் பளிச்சென்று வந்தது. கதாநாயகனின் மூக்கில் இருந்த மருகூடத் தெரிந்தது.

"ச்சீ, இவ்ளோ தெளிவாவா!" என்று சிரித்தாள். தோள்பையை எப்போது கழற்றினாள் என்று அவருக்குத் தெரியாது.

தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாதிப் படம் பார்த்தார்கள். அதிகம் பேசவில்லை. நடுநடுவே அவள் ரிமோட்டை எடுத்துக் கேம் பெட்டிக்குப் போய்க் கோடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்தாள்.

ஃபோன் அடித்தது. மாமா.

"என்ன வாண்டு, போலாமா? கார் அடுப்பு மாதிரி கொதிக்குது."

அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன படம் ஓடுகிறது என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

"இன்னும் முடியல மாமா. கொஞ்சம் இருங்க" என்றாள் மகள். "வேணும்னா மேல வாங்க. ஆனா தரையிலதான் உக்காரணும்."

கோடு மறுமுனையைத் தொட்டது. பெட்டி ஒரு சின்ன மணி அடித்து உயிர் பெற்றது. யார் யார் விளையாடப் போகிறீர்கள் என்று திரை கேட்டது. முதல் பெயராக 'அப்பா' என்று அடித்தாள். இரண்டாவதாகத் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டாள். அந்தப் பெயருக்குப் பாஸ்வேர்டு வேண்டுமா என்று கேட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு 'வேண்டும்' என்பதை அழுத்தினாள்.

"அந்தப் பக்கம் திரும்புங்கப்பா. பாக்கக் கூடாது. அடுத்த வாரம் நான் வர்ற வரைக்கும் என் பேர்ல யாரும் ஆடக் கூடாது."

மெயினண்ணன் உடனே திரும்பிக்கொண்டார்.