சின்னவளுக்கு நாற்பதாயிரம் வாசகர்கள்

அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். அந்த வீட்டில் இருவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரியவள் குடும்பம் மாடியில், சின்னவள் குடும்பம் கீழே.

பெரியவளுக்கு ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்கள்தான் அங்கே அச்சாகும். எறும்பு ஊர்வது மாதிரி எழுத்து. ஒரு புள்ளி தவறினால் யாரோ ஒருவர் பத்து மடங்கு மருந்தை விழுங்க நேரும் என்பதால், அவள் கையெழுத்துப் போடாத எந்தத் தாளும் இயந்திரம் ஏறாது. பதினெட்டு வருடம் இந்த வேலை பார்த்துக்கொண்டே மூன்று நாவல்கள் எழுதினாள். பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பியதும் தானே அச்சிட்டு வெளியிட்டாள்.

"எழுதினா மட்டும் போதாதும்மா, இப்பல்லாம் ஆள் சேக்கணும்" என்று அச்சக மேலாளர் சொன்னதைக் கேட்டு முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினாள். வாரம் தவறாமல் மூன்று பதிவுகள். இரண்டு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேர் சொந்தக்காரர்கள். 'அருமை' என்று போட்டுவிட்டு, எங்கே புத்தகத்தை வாங்கச் சொல்லிவிடுவாளோ என்று நழுவிவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சின்னவள் எழுத ஆரம்பித்தாள். பேருந்து நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருள்களை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கிற அறையில் அவளுக்கு வேலை. ஒருநாள் யாரோ மறந்துவிட்டுப் போன பல்செட்டைப் படமெடுத்து, "காலையில் வந்து சேர்ந்தது. சொந்தக்காரர் சாப்பாட்டு நேரத்துக்குள் தேடி வந்துவிடுவார் என்று நம்பி இருக்கிறேன்" என்று எழுதிப் போட்டாள். மாலைக்குள் மூவாயிரம் பேர் அதைப் பகிர்ந்துவிட்டார்கள். அடுத்து ஒற்றைச் செருப்பு. அப்புறம் குழல் இல்லாத ஒரு புல்லாங்குழல் பெட்டி. எட்டே மாதத்தில் நாற்பதாயிரம் பேர்.

"அக்கா, உங்களப் பாத்துத்தான் எனக்கு எழுதவே தோணுச்சு" என்று சின்னவள் மாடிப்படி ஏறி வந்து சொன்னாள். பெரியவள் சிரித்து வைத்தாள். வயிறு திகுதிகுவென்று எரிந்தது.

சின்னவளுக்கு ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று தெரியாது. அவள் வாக்கியத்தில் எழுவாய் ஒரு பக்கம் போகும், பயனிலை இன்னொரு பக்கம் போகும். நாற்பதாயிரம் பேரும் அதை மன்னித்தார்கள் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருவரும் கவனிக்கவே இல்லை. பெரியவள் தன் கணவனிடம் பொருமினாள்.

"அவ ஏதோ பொழுதுபோக்கா எழுதுறா. உன்னுது இலக்கியம்" என்றான் அவன்.

"அப்ப என் மூணாவது நாவலப் படிச்சிட்டீங்களா?"

அவன் சட்டைப் பொத்தான்களை மிகக் கவனமாகப் போட ஆரம்பித்தான்.

மறுநாள் மதிய இடைவேளையில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, 'உப்புக்கல்' என்ற பெயரில் ஒரு கணக்கைத் திறந்தாள். சின்னவளின் அன்றைய பதிவின் கீழே எழுதினாள்: "குடையைப் பற்றிச் சொல்ல வந்தவர் மூன்று வரி மழையைப் பற்றியே பேசுகிறார். நான்காவது வரியில் தொடங்கியிருந்தால் இது கதை. இப்போது வானிலை அறிக்கை."

எல்லாரும் திட்டுவார்கள் என்று நினைத்தாள். சிலர் திட்டினார்கள். அறுநூறு பேர் சிரித்தார்கள். "நாலாவது வரியிலருந்து படிச்சுப் பாத்தேன், சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றார் ஒருவர். அதிலிருந்து தினம் ஒன்று எழுதினாள், அளந்து, நறுக்கென்று. நான்கு மாதத்தில் உப்புக்கல்லுக்கு ஒன்பதாயிரம் பேர். அவளுடைய சொந்தப் பக்கத்தில் இருநூற்றுப் பத்தொன்பது. உப்புக்கல்லைப் பார்த்தும் அவளுக்கு வயிறெரிந்தது.

ஒருநாள் உப்புக்கல்லுக்குச் சின்னவளிடமிருந்து தனிச்செய்தி வந்தது. "நான் எழுதுவதை உட்கார்ந்து படிக்கிற ஒரே ஆள் நீங்கள்தான். புத்தகமாகப் போடப் போகிறேன். பார்த்துத் தர முடியுமா?" கூடவே நாற்பது கட்டுரைகள்.

முப்பத்தொன்பதை அவள் நேர்மையாகவே திருத்தினாள். கைப்பழக்கம் அவளைத் தப்புச் செய்ய விடவில்லை. நாற்பதாவது, முகநூலில் வராத ஒன்று. மனைவி பேருந்தில் விட்டுவிட்ட நீல நிற ஃபிளாஸ்க்கைக் கேட்டு ஒருவர் திங்கள்தோறும் வருகிறார். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிறது. 'அது வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அலமாரியைத் திறந்து தேடுவேன். யாராவது தேடுவதைப் பார்க்கத்தான் அவர் வருகிறார்' என்று எழுதியிருந்தாள் சின்னவள்.

பெரியவள் அதை நான்கு முறை படித்தாள். தன் மூன்று நாவல்களிலும் இப்படி ஒரு பக்கம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பிறகு, "இது தொகுப்போடு ஒட்டவில்லை. நீக்கிவிடவும்" என்று எழுதி அனுப்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னவள் மாடிக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"ஒருத்தர் திருத்திக் குடுத்தாரு அக்கா. ஒண்ண மட்டும் எடுத்துடச் சொல்லிட்டாரு. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஆனா எனக்கென்ன தெரியும், எடுத்துட்டேன்."

பெரியவள் டீ டம்ளரை அவள் முன்னால் வைத்தாள். "அத எடுக்காத."

"நீங்கதான் அதப் படிக்கவே இல்லையே."

"படிச்சேன். உப்புக்கல் நான்தான்."

சின்னவள் டம்ளரைக் கையில் எடுத்தாள். "வானிலை அறிக்கைன்னு எழுதினது?"

"நான்தான்."

"அது சரியாத்தான் இருந்துச்சு. இத ஏன் எடுக்கச் சொன்னீங்க?"

"நல்லா இருந்துச்சு. அதான்."

சின்னவள் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கீழே போனாள். அண்ணனும் தம்பியும் என்ன சண்டை என்று துருவித் துருவிக் கேட்டார்கள். இருவருமே வாயைத் திறக்கவில்லை.

புத்தகம் அந்தக் கட்டுரையோடு வந்தது. முதல் மாதமே இரண்டாவது பதிப்பு. பெரியவள் கடைக்குப் போய் ஒரு பிரதி வாங்கி, நின்றபடியே நன்றிப் பக்கத்தைப் புரட்டினாள். அவள் பெயரும் இல்லை, உப்புக்கல்லும் இல்லை. அன்று சாயங்காலமே உப்புக்கல் கணக்கில் தன் பெயரையும் படத்தையும் போட்டு, நான்தான் என்று எழுதினாள். இரண்டாயிரம் பேர் விலகிப் போனார்கள். முப்பத்தொரு பேர் அவள் நாவலை வாங்கினார்கள். சொந்தக்காரர் அல்லாத முப்பத்தொரு பேர்.

இப்போது இருவரும் பேசிக்கொள்கிறார்கள். தண்ணீர் வந்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்கிற அளவில். எழுத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. சின்னவளின் இரண்டாவது புத்தகத்தை வேறு யாரோ திருத்தியிருக்கிறார். யார் அந்த ஆள் என்று பெரியவள் ஒரு வாரம் தேடினாள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் இரண்டு பிழைகள் கிடைத்தபோது மனசு குளிர்ந்தது. மூன்றாம் பக்கத்துக்குப் போவதற்குள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, வெறுமனே படிக்க ஆரம்பித்திருந்தாள்.