எட்டு முழக் குழாயும் உள்ளங்கை ஃபேனும்

என் பெரியம்மா எதையும் வெட்டமாட்டாள். சட்டைக் கை நீளமாக இருந்தால் உள்ளே மடித்துத் தைப்பாள். வயர் மிஞ்சினால் சுருட்டி நூல் கட்டுவாள். நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வந்து இறங்கிய அன்று, என் பையிலிருந்த பாதிக் கைப்பிடி டூத் பிரஷ்ஷைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி இது, எலி கடிச்சுதா?"

"சுமை குறையட்டும்னு நான்தான் அறுத்தேன்."

"மிச்சப் பாதி எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

தெருவுக்கு அவள் ரேடியோக்காரம்மா. மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஜன்னலில்லாத அறையில், முப்பது வருடமாக ரேடியோ, டார்ச், பேசும் பொம்மை எல்லாம் பழுது பார்க்கிறாள். ஈயத்தை உருக்கிச் சால்டரிங் செய்யும்போது எழும் புகை நேராக அவள் மூக்கைத் தேடித்தான் போகும். இருமல் பிடித்துக்கொண்டது. அவள் மகள், என் அக்கா, போனில் கெடு வைத்தாள்:

"ஞாயித்துக்கிழமை வருவேன். ஒண்ணு புகை வெளிய போகணும், இல்ல நீ வெளிய வரணும். மேசைய நானே தூக்கிடுவேன்."

அந்த மேசை இல்லாத பெரியம்மாவை நான் பார்த்ததே இல்லை. அவளும் பார்த்ததில்லை.

சுவரில் பழைய தண்ணீர்க் குழாய் போன ஓட்டை ஒன்று இருந்தது. கெட்டுப்போன கம்ப்யூட்டரில் கழற்றிய உள்ளங்கை அளவு ஃபேனை ஒரு புனலின் அகன்ற வாயில் பொருத்தி, புனலின் மூக்கில் மடிப்பு மடிப்பான குழாயைச் செருகி, அதை ஓட்டை வழியாகச் சந்துக்கு விட்டாள். சனிக்கிழமை காலை சோதனை. நான் சந்தில் குழாயின் நுனியருகே டிஷ்யூ காகிதக் கீற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆடுதாடி?"

"ஆடல பெரியம்மா."

"நல்லாப் பாரு!"

"என் மூச்சுக்குத்தான் ஆடுது."

"ஃபேனா இது? கொட்டாவி விடுது!" என்று திட்டிக்கொண்டே அதன் முதுகில் இன்னொரு ஃபேனை ஒட்டினாள். சத்தம் இரண்டு மடங்கானது. காகிதம் மரியாதைக்கு ஒருமுறை அசைந்தது.

உள்ளே போய் மேசைக்கு அடியில் குனிந்தேன். ஃபேனுக்கும் ஓட்டைக்கும் நடுவே ஒரு முழ தூரம்தான். குழாயோ எட்டு முழம். மிச்சத்தை மூன்று வளையமாகச் சுருட்டி நூல் கட்டியிருந்தாள்.

"பெரியம்மா, இத்தனூண்டு ஃபேன். ஒவ்வொரு மடிப்புலயும் முட்டி, மூணு சுத்துச் சுத்தினா அதுக்கு மூச்சு இருக்குமா? வெட்டு."

"நல்ல குழாயடி!"

"சரி, மேசைய வெட்டலாம். அக்கா வர்றா."

 பெரியம்மா இருமினாள். பிறகு கத்தரியை எடுத்தாள். மூன்று முறை அளந்தாள். நாலு விரல் கூட்டிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டினாள். துண்டை மடிப்பு விரியும்வரை இழுத்து நேராகப் பொருத்தினோம். சந்துக்கு ஓடினேன். காகிதம் எழுந்தது, ஆனால் அரை மனதாக.

"கதவு சாத்தியிருக்கா?"

"பின்ன? காத்து வீணாப் போயிடுமே."

"உள்ள காத்து வந்தாத்தானே வெளிய போகும்! திற."

கதவு கிரீச்சிட்டது. காகிதம் என் விரலிலிருந்து பிய்த்துக்கொண்டு எதிர்வீட்டு சைக்கிள்மேல் போய் ஒட்டியது.

"ஓடியே போச்சு பெரியம்மா!"

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து, திருட்டைப் பிடிக்க வந்தவள்போல மோந்து பார்த்தாள். பெரியம்மா சூடான சால்டரிங் கம்பியை ஈயத்தில் வைத்தாள். புகை ஒரு விரல் உயரம் எழுந்தது, கழுத்தைத் திருப்பியது, புனலுக்குள் நுழைந்து போயே போய்விட்டது. மேசையைத் தூக்கக் கொண்டுவந்த கயிறு அக்காவின் தோளில் சும்மா தொங்கியது. வேறு குறை தேடி மேலே பார்த்தாள். சுவர் ஆணியில் ஏழு முழத்துக்கு நாலு விரல் குறைவான குழாய், சுருட்டி, நூல் கட்டி இருந்தது.

"இது எதுக்கும்மா இன்னும்?"

"இருக்கட்டும்டி. நாளைக்கு இந்தச் சுவரு தள்ளிப் போச்சுன்னா?"