சென்றாயன் வெட்டிய ஏழு மார்கழி

ஏற்காட்டு மலையில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாத் தோட்டத்தில் எட்டு வருஷம் தண்ணீர் சுமந்தவர் சென்றாயன். 1931-இல் துரை எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறினார். பட்லர் அவர் நினைவாக ஒரு சுவர்க்கடிகாரத்தை எடுத்துக்கொண்டார். சென்றாயன் ஒரு முள்செடியின் வேரை ஈரச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு மலையிறங்கி, வெண்ணந்தூர்ப் பக்கத்திலிருந்த தம் ஊர்வரை நடந்தே வந்தார். முள்ளை விரும்பித் தலையில் சுமந்தவர்கள் சரித்திரத்தில் அதிகம் பேர் இருக்க நியாயமில்லை.

துரைசாணி அதைப் பிளாக்பெர்ரி என்பாள். தோட்டத்து ஆட்களுக்கு அது முள்ளுப்பழம். முதலில் பச்சை, அப்புறம் சிவப்பு, கடைசியில் காக்கைக் கறுப்பு. சின்னச் சின்ன மணிகளைச் சேர்த்துக் கட்டினதுபோல் இருக்கும். வாயில் போட்டால் இனிப்பும் புளிப்புமாகக் கரையும். இத்தனையையும் சென்றாயன் ஊர் வந்த அன்றே களத்துமேட்டில் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

செடியைச் சும்மா நடவில்லை. பிற்பகல் வெயில் படாத வடபுறச் சுவரோரம், குளிக்கிற தண்ணீர் ஓடிச் சேருகிற இடமாகப் பார்த்து நட்டார். கோடையில் தென்னங்கீற்றால் நிழல் போட்டார். அடியில் ஆட்டுப்புழுக்கை. முருங்கையை மார்கழியில் மொட்டையடித்தால்தான் நன்றாகக் காய்க்கும் என்பது அந்தப் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விவசாயம். எனவே ஒவ்வொரு வருஷமும் போகிக்கு முதல்நாள் அருவாளைத் தீட்டி, செடியை முழங்கால் உயரத்துக்குக் கழித்துவிடுவார். செடியும் விசுவாசமாக ஆளுயரத்துக்குப் புதுக்குச்சி விட்டது, இலை விட்டது, முள் விட்டது. பழம் மட்டும் விடவில்லை.

"ஏனுங்க, எட்டு வருசம் மலையில இருந்து முள்ளுக் கொண்டாந்தீங்க. இன்னும் ரெண்டு வருசம் இருந்திருந்தா தேளும் கெடச்சிருக்கும்" என்பாள் மனைவி மாரக்காள்.

"பொறு புள்ள. பழுக்கும்."

"பழுக்கறது எம்பட காலுதானுங்க, முள்ளுக் குத்தி."

கேலி வீட்டோடு நின்றிருந்தால் தேவலை. ஆறாவது வருஷம் ஒரு வரப்புத் தகராறு ஊர்க்கூட்டத்துக்கு வந்தது. எல்லைக்கல்லை நகர்த்தியதைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் சென்றாயன்தான். சாட்சி சொல்ல எழுந்தார். ஊர்ப்பெரியவர் சின்னுசாமிக் கவுண்டர் கையமர்த்தினார். "உக்காரு சென்றாயா. நீ பாத்தது கல்லா, உன்ற பழமான்னு எங்களுக்குச் சந்தேகம்."

ஊர் சிரித்தது. சென்றாயன் உட்கார்ந்தார். அதற்கப்புறம் எந்தக் கூட்டத்திலும் அவர் வாயைத் திறக்கவில்லை. நிலம் இல்லாதவருக்குச் சொந்தமாக இருந்தது சொல் ஒன்றுதான். அதையும் ஒரு செடி தின்றுவிட்டது.

எட்டாவது மார்கழியில், ஏற்காட்டில் இருந்தபோது பிடித்த மலைக்காய்ச்சல் திரும்பி வந்தது. உலக்கைபோல் இருந்த மனிதர் பாயோடு பாயாகிப்போனார்.

"மாரக்கா, நான் போயிட்டா ஊரு என்ன சொல்லும்?"

"நல்லவன்னு சொல்லும். படுங்க."

"பொய்யன்னு சொல்லும் புள்ள."

மாரக்காள் அவர் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டாள்.

போகி வந்து போயிற்று. அருவாளை யாரும் தொடவில்லை. மாசியில் சென்றாயன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, போன வருஷத்துக் குச்சிகளின் பக்கக் கிளைகளில் வெள்ளைப் பூ பூத்திருந்தது. சித்திரையில் காய் சிவந்தது. மாரக்காள் அவசரப்பட்டு ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுத் துப்பினாள். "இதுக்கா இத்தன வருசம்? புளியங்கா தேவலை."

"கறுக்கட்டும் புள்ள."

நாலாம் நாள் கறுத்தது. மாரக்காள் ஒன்று தின்றாள். இன்னொன்று தின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேசாமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

சேதி பரவி ஊர் திரண்டது. கவுண்டரும் வந்தார். ஒரு பழத்தை வாயில் போட்டு, கண்ணை மூடித் திறந்து, தீர்ப்புச் சொன்னார்: "இந்தச் செடிக்கு எட்டு வருசம் வேண்டியிருக்குது. சென்றாயன் சொன்னது நெசம். ஊருதான் அவசரப்பட்டுப்போட்டுது."

எல்லோரும் தலையாட்டினார்கள். சென்றாயன் முகம் மட்டும் தெளியவில்லை. காலையில்தான் செடியை உட்கார்ந்து பார்த்திருந்தார். பழம் இருந்ததெல்லாம் போன வருஷத்துக் குச்சியில். இந்த வருஷம் வேரிலிருந்து கிளம்பிய இளம்பச்சைக் குச்சியில் ஒன்றுகூட இல்லை. மலையில் தோட்டத்து மேஸ்திரி, பழுத்து ஓய்ந்த குச்சியை மட்டும்தான் வெட்டுவார். தண்ணீர் சுமந்த சென்றாயன் அன்று கத்தியைப் பார்த்தார். கத்தி எதை வெட்டியது என்று பார்க்கவில்லை.

அவர் தொண்டையைச் செருமியதுமே மாரக்காளுக்கு விளங்கிவிட்டது. "சும்மா இருங்க. கவுண்டரே சொல்லிட்டாரு" என்று வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"செடி மேல தப்பில்லீங்க" என்றார் சென்றாயன். "இது மொத வருசத்துக் குச்சியில காய்க்காதுங்க. ரெண்டாம் வருசம்தான். நான் முருங்கை மாதிரின்னு நெனச்சு வருசா வருசம் மொட்டையடிச்சுட்டனுங்க. இந்தத் தடவ காச்சல்ல கெடந்தேன், அதனால தப்பிச்சுது."

பக்கத்து வீட்டுச் செங்கோடன்தான் ஆரம்பித்தான். "அப்ப ஏழு வருசமா உன்ற பழத்த நீயே வெட்டி அடுப்புல வெச்சிருக்கற?"

"ஆமாப்பா. நல்லாத்தான் எரிஞ்சுது."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மாரக்காள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கவுண்டர் சிரிக்கவில்லை. சென்றாயனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் செடிய எப்படிப் பெருக்கறது?"

"குச்சி நுனிய வளச்சு மண்ணுல புதைச்சா வேர் புடிக்குமுங்க."

"எனக்கொரு பதியம் போட்டுக் குடு" என்றார் கவுண்டர். "எப்ப வெட்டறது, எத உடறதுன்னு நீயே வந்து சொல்லு. அப்படியே செய்யறேன்."

சென்றாயன் முட்களுக்கு நடுவே கையை விட்டு, நீளமான குச்சி ஒன்றைத் தேடி எடுத்து, ஒடியாமல் மெல்ல வளைத்தார்.