கம்பி அறுந்த பாட்டு

கீரை வேகவேண்டிய சட்டியில் ஹோசியா கிடார் கம்பிகளை வேகவைத்துக்கொண்டிருக்கிறார். அழுக்கு இறங்கினால் பழைய கம்பி மறுபடி கணீரென்று பேசும் என்பது அவர் கட்சி. மீனுக்குச் சோள மாவு பிசறிக்கொண்டிருக்கும் மனைவி லூவீனியா எட்டிப் பார்க்கிறாள்.

"இன்னிக்கு என்ன, கம்பிக் குழம்பா?"

"உப்பை மட்டும் நீ பார்த்துப் போடு புள்ள."

மிசிசிப்பியின் பருத்திக் காடுகளில் ஹோசியா டிரிப்லெட்டைத் தெரியாதவர் கிடையாது. நெட்டை மனிதர், உட்கார்ந்தால் முழங்கால் கிடாரை மறைத்துவிடும். வாரமெல்லாம் பருத்தி எடுப்பார். சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் கட்டிலையும் மேசையையும் வெளியே தள்ளிவிட்டு, வீடு கொள்ளாத கூட்டத்துக்குப் புளூஸ் என்கிற கறுப்பர் பாட்டுப் பாடுவார். லூவீனியா மீன் பொரித்து விற்பாள். காப்பியில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிற மனிதருக்கு, புதுக் கம்பி வாங்கச் சொன்னால் மட்டும் காது கேட்காது. "புதுசுக்கு என் கை பழகலைப்பா" என்று நழுவிவிடுவார்.

அதனால் பாட்டு நடுவே கம்பி அறுவது அங்கே சகஜம். அதற்காக ஆடுகிறவர்கள் நிற்கமாட்டார்கள். அவர் முடிச்சுப் போட்டு முடிக்கிறவரை யாராவது கைதட்டித் தாளத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். பெரும்பாலும் தட்டுவது அடுப்படியிலிருக்கும் லூவீனியாதான்.

போன வருஷம் ஓர் இசைத்தட்டுக் கம்பெனி அவரை மெம்ஃபிஸுக்குக் கூப்பிட்டது. ஓட்டல் அறையில்தான் பதிவு, எதிரொலிக்காமலிருக்கச் சுவரெல்லாம் கம்பளி தொங்கியது. "இருமக்கூடக் கூடாது" என்று லூவீனியாவை மூலையில் உட்காரவைத்தார்கள். முன்னால் பாடியவர்கள் சொதப்பியதில் பாட்டைப் பதியும் மெழுகுத் தட்டு ஒன்றுதான் மிச்சம். "இதுவும் கெட்டுதுன்னா நீங்க ஊருக்குக் கிளம்பவேண்டியதுதான்" என்றார் கம்பெனிக்காரர். நம்ம ஆளோ அங்கேயும் வேகவைத்த கம்பியைத்தான் மாட்டிக்கொண்டு போயிருந்தார்.

பாடலாம் என்று காட்டும் விளக்கு எரிந்தது. பாடினார். பாட்டு பாதிக்கு வருவதற்குள் கம்பி பட்டென்று அறுந்தது. இன்னொரு தரம் அவரை யார் கூப்பிடப் போகிறார்கள்? அப்போது மூலையிலிருந்து கைதட்டு கிளம்பியது. பதறாத, நிதானமான சனிக்கிழமைத் தட்டு. அதைப் பிடித்துக்கொண்டு, கிடாரைத் தொடாமல், வெறுங்குரலிலேயே கடைசிவரை பாடி முடித்தார்.

"யாரும்மா உங்களைத் தட்டச் சொன்னது?" என்று பாய்ந்தார் கம்பெனிக்காரர்.

"கம்பி அறுந்தா தட்டாம, பின்ன உக்காந்து அழவா சொல்றீங்க?"

மெழுகில் பதிந்ததைப் போட்டுக் கேட்டால் அது கெட்டுவிடுமாம். தேறியதா இல்லையா என்று தெரியாமலே இருவரும் ரயிலேறினார்கள். பருத்தி வெடித்த சமயத்தில், நாற்காலி கட்டிலோடு இசைத்தட்டும் விற்கிற உள்ளூர்க் கடைக்கு அந்த இசைத்தட்டு வந்து சேர்ந்தது. கடைக்காரர் போட்டுக் காட்டினார். ஹோசியா அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். தட்டின்மேல் அவர் பெயரை மட்டும் அச்சடித்திருந்தார்கள். அந்த ஆதங்கம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

"அவ தட்டலைன்னா என் குரலு அந்த ரூமைத் தாண்டியிருக்காதுய்யா. அவளுக்கு நான் என்னத்தைச் செய்ய?" என்பார், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும்.

இன்றைய சனிக்கிழமைக் கூட்டத்துக்கு கிரீன்வில் ஊரிலிருந்து புது ஆள் ஒருவர் வந்திருக்கிறார். மீனைக்கூடத் தொடாமல் நேரே ஹோசியாவிடம் போகிறார்.

"அண்ணே, உங்க பாட்டுத் தட்டைக் கேட்டேன். நடுவுல கிடாரை விட்டுட்டு வெறும் கைதட்டுல பாடுறீங்களே, அங்க எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. எப்படிண்ணே தோணிச்சு உங்களுக்கு?"

ஹோசியா கிடாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, வந்தவரை அடுப்படிக்கு அழைத்துப் போகிறார். லூவீனியாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கி வைக்கிறார். அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கை தெரியத் திருப்பி அவரிடம் காட்டுகிறார்.

"மீன் கருகுது, விடுய்யா" என்கிறாள் அவள்.

அவர் விடவில்லை.