அப்பாவின் காலுக்கு ஒரு நர்ஸ்

அந்தப் புண் செருப்புக் கடித்ததில் ஆரம்பித்தது. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. சுண்டு விரலோரம் ஒரு கொப்புளம் வந்து, உடைந்து, ஆறாமல் நின்றுவிட்டது. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; காரைக்கால் பக்கம் போலகத்தில் எங்கள் தெருக்காரர்கள் இன்றைக்கும் ‘சொல்தா வீடு’, அதாவது சிப்பாய் வீடு, என்றுதான் வழி சொல்வார்கள். வலிக்கிறது என்று சொல்வது அவருக்குக் கேவலம். வீட்டுக்குள்ளும் காலுறையைக் கழற்றாமல் இருந்தார். வாடை வந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

ஆட்டோ பிடித்துக் காரைக்காலுக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகத்தான் பார்த்தார். புண்ணைச் சுத்தம் செய்து கட்டியபின், “நாள் விட்டு நாள் டிரெஸ்ஸிங் மாத்தணும்ங்க. அதுக்காக இவ்ளோ தூரம் இவரை அலைய விடாதீங்க, காலை ஊனவே கூடாது. வீட்டுக்கு ஒரு நர்ஸை வரச் சொல்லிடுங்க” என்றார்.

“யாரைங்க சார்?”

“உங்க ஊர் பக்கம் யாராவது இருப்பாங்க, கேட்டுப் பாருங்க.”

அதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

அந்த ‘யாராவது’ யார் என்றுதான் தெரியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கணவருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலில். வீட்டில் நானும் அப்பாவும் ஒன்பதாவது படிக்கும் என் மகளும்தான். வகுப்பு முடிந்ததும் மருந்துக்கடை மருந்துக்கடையாகக் கேட்டேன். ஒரு கடையில் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்தால், அந்த அம்மா மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இன்னொருவர் ஊசி போட மட்டும்தான் வருவாராம். இத்தனைக்கும் காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்றால் வெள்ளைக் கோட்டு போட்ட நர்சிங் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக இறங்குவதைப் பார்க்கலாம். படித்து முடித்ததும் இவர்களெல்லாம் எங்கே போகிறார்கள் என்று அப்போதுதான் யோசித்தேன்.

பிரான்சில் இருக்கும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தார்.

“இங்க என் மாமியாருக்குக் காலையில ஒருதரம் சாயங்காலம் ஒருதரம் அன்ஃபிர்மியேர் வீட்டுக்கே வந்து பாத்துட்டுப் போறாங்க. அங்க ஒரு நர்ஸ் கூடவா கெடைக்காது? நீ சரியா விசாரிக்கலம்மா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் அப்பா இருந்ததால், “பாக்குறேண்ணே” என்று மட்டும் சொன்னேன்.

நாகப்பட்டினத்தில் ஒரு ஏஜென்சி இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சொல்லிவைத்தேன். ஒரு பெண்ணை அனுப்பினார்கள். பையை இறக்கி வைத்து, தண்ணீர் குடித்துவிட்டு, அவளே என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

“அக்கா, நான் நர்ஸுக்குப் படிக்கலக்கா. குளிப்பாட்டி விடுவேன், சோறு ஊட்டுவேன். புண்ணுல கை வைக்கச் சொன்னா பயமா இருக்கு.”

உண்மையைச் சொன்ன பிள்ளையை என்ன திட்டுவது? சாப்பாடு போட்டு நானே நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

எங்கள் ஊர் புதுச்சேரி மாநிலம்; தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரில் என் அத்தை இருக்கிறார். அங்கே சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அரசாங்கத்திலிருந்தே வீடு தேடி வந்து பார்க்கிறார்கள். ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், அத்தை வீட்டு வாசலிலேயே அப்படி வந்த நர்ஸைப் பிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“வீடு எங்கங்க?”

“போலகம். இந்தா, வாய்க்கால் தாண்டுனா வந்துடும்ங்க.”

“அது பாண்டிச்சேரி கணக்காச்சேம்மா. நான் தமிழ்நாடு. உங்க பக்கம் வந்தா என்னைக் கேள்வி கேப்பாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? திரும்பி வரும்போது இரண்டு பக்கமும் ஒரே வயல்தான். எந்த வரப்பில் மாநிலம் மாறுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே வந்தேன்.

அதுவரை ஆட்டோவில் காரைக்காலுக்கே அலைந்து கட்டு மாற்றினோம். கடைசியில் ஆள் கிடைத்தது கோவிலில்தான். பூசை முடிந்து வரும்போது எங்கள் பள்ளி ஆயா, “எங்க குரும்பகரத்துல ஒரு பொண்ணு நர்ஸுக்குப் படிச்சுட்டு வீட்டுலதான் இருக்கு, கேக்கவா டீச்சர்?” என்றார். மறுநாள் சாயங்காலமே அந்தப் பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கையைக் கழுவினாள், கையுறை மாட்டினாள், அப்பாவின் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

“தாத்தா, காலைக் குடுங்க.”

“வலிக்காம பண்ணுவியா?”

“வலிச்சா கத்துங்க. சொல்தாவும் கத்தலாம், தப்பில்ல.”

அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அவள் வந்துபோன காலம்தான் நாங்கள் நிம்மதியாக இருந்த காலம். புண் சிவந்து, சுருங்கி, ஓரத்தில் தோல் மூட ஆரம்பித்தது. அப்பாவுக்குச் சர்க்கரை பார்த்த கையோடு என் மகளின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, “ரத்தம் கம்மியா இருக்கு, முருங்கக்கீரை குடுங்க” என்பாள். ஒரு நாள் என்னையும் உட்காரவைத்துக் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். அவள் முகம் மாறியது.

“அக்கா, உங்களுக்குத்தான் பிரஷர் கூட இருக்கு. நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க.”

மாத்திரை ஆரம்பித்தது அப்படித்தான். அவள் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

டிரெஸ்ஸிங் முடிந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பாள். பரீட்சைக்குப் படிப்பது போல இருந்தது. என்னவென்று கேட்டேன்.

“ஜெர்மன்க்கா. இன்னும் ஒரு பரீட்சை இருக்கு. பாஸ் பண்ணிட்டா அங்க வேலை.”

“ஜெர்மனியா?” என்று உள்ளே இருந்து அப்பா குரல் கொடுத்தார். “போறதுதான் போற, பிரான்சுக்குப் போகக் கூடாதா?”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பாஸ் பண்ணக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். பாஸ் பண்ணிவிட்டாள். விசா வந்ததும் இனிப்புப் பெட்டியோடு வந்து, எனக்குக் கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எந்த ஊரிலோ எந்தக் கிழவருக்காகவோ அவள் இப்போது ஸ்டூல் போட்டு உட்காருகிறாள் என்று நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

அவள் போனபின் அப்பா என்னைத் தொடவிடவில்லை.

“பெத்த பொண்ணு என் காலைப் புடிக்கிறதா? நானே பண்ணிக்கிறேன், போ.”

கேட்கும்போதெல்லாம், “நானே கட்டு மாத்திட்டேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பள்ளியில் பரீட்சை நேரம், நானும் நம்பினேன். அவர் காய்ச்சல் வந்து கட்டிலில் நடுங்கிய அன்று கட்டைப் பிரித்துப் பார்த்தால் விரல் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தச் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

அண்ணன் லீவு போட்டு வந்தார். “நீ இரு, நான் ரெண்டு நாள்ல ஆளைப் புடிக்கிறேன் பாரு” என்று என் ஸ்கூட்டர் சாவியை வாங்கிக்கொண்டார். திருநள்ளாறு, நிரவி, பட்டினம் என்று ஊர் ஊராகச் சுற்றினார். நடுவில் ஒரு கிளினிக் பையனைக் கூட்டிவந்தார். அவன் புண்ணோடு ஒட்டியிருந்த பஞ்சை ஈரம்கூடப் பண்ணாமல் வெடுக்கென்று இழுக்க, அப்பா பிரெஞ்சில் கத்திய கத்தலில் அவன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினான். லீவு முடிகிற சமயம் அண்ணன் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“எல்லாரும் வர்றேன்னுதான் சொல்றாங்க. யாரும் வரமாட்டேங்குறாங்க.”

“நான் சரியா விசாரிக்கலன்னு சொன்னீங்களே.”

அவர் ஸ்கூட்டர் சாவியை என் பக்கம் நீட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவர் கண்டுபிடித்துத் தந்திருந்தால் என்ன பேச்சு வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அண்ணன் ஊருக்குப் போன மறுநாள், நான் வெந்நீரும் கட்டுத்துணியும் எடுத்துக்கொண்டு அப்பா எதிரே உட்கார்ந்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலைத் தூக்கி என் மடியில் வைத்தார். நான் கட்டைப் பிரித்தேன்.

புண் இப்போது ஆறிவிட்டது. என் மாத்திரைதான் சரியாக வேலை செய்யவில்லை போலிருக்கிறது, தலை கனக்கிறது. சாயங்காலம் மகள், வாங்கிவைத்திருக்கும் பிரஷர் கருவியை என் கையில் கட்டிப் பொத்தானை அழுத்துகிறாள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு எண்களைப் பிரெஞ்சில் படிக்கிறார்.

“கூடவா, கொறச்சலா?” என்கிறாள் மகள்.

“கூடத்தான். மாத்திரைய ஏத்தணுமா, இருக்கறதே போதுமான்னு யார்கிட்ட கேக்கறது?” என்கிறார் அப்பா.

மறுபடி நான் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, காரைக்கால் பஸ்ஸைப் பிடித்து, ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார வேண்டியதுதான்.