நான்கு மணிக்குள் ஓர் அறை

நான் புக் பண்ணாமல் எங்கும் போகாத ஆள். கேமரன் மலையில் ஒரு ராத்திரி தங்குவதென்றாலும் மூன்று மாதத்துக்கு முன்பே அறை எடுத்து, ரசீதை அச்செடுத்து, சட்டைப் பையில் ஒன்று, பெட்டிக்குள் ஒன்று என்று வைத்துக்கொள்வேன். எஸ்டேட் ஆபீசில் முப்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவனுக்கு இது வியாதி இல்லை, குணம். அப்பேர்ப்பட்ட என்னை, சுவிட்சர்லாந்து மலைப்பாதைகளில், இன்று ராத்திரி எங்கே படுப்போம் என்றே தெரியாமல் ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள். என் மனைவிதான்.

"மண்டபம் புக் பண்ணாம எவனாச்சும் கல்யாணப் பத்திரிக அடிப்பானா?" என்று கேட்டேன்.

"நான் எவ்ளோ தூரம் ஓட்டுவேன்னு எனக்கே தெரியாது. கண்ணு எங்க போதும்னு சொல்லுதோ அங்க படுக்கிறோம். இதுக்கு எப்படி லா புக் பண்ணுவீங்க?"

விஷயமே அவள் கண்தான்.

மலேசியாவில், எங்கள் பத்தாங் பெர்ஜுந்தாயில் அவள் இருபத்திரண்டு வருடம் பள்ளி வேன் ஓட்டியவள். ஊருக்குப் பெயர் மாற்றிப் பலகை வைத்து எத்தனையோ காலம் ஆயிற்று, எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். விடிவதற்கு முன் வேனை எடுத்தால் மூன்று எஸ்டேட்டுகளில் பிள்ளைகளை ஏற்றித் தமிழ்ப் பள்ளியில் விட வேண்டும். மேடும் இல்லை, வளைவும் இல்லை. இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் கோடு கிழித்த மாதிரி ரோடு. குவாலா சிலாங்கூரில் கோட்டை இருக்கிற குன்றை விட்டால் எங்கள் பக்கம் ஏறுவதற்கு ஒன்றும் கிடையாது. "ஸ்டேரிங்கக் கட்டிப் போட்டுட்டுத் தூங்கலாம்" என்று சலித்துக்கொள்வாள்.

மதியம் பள்ளி வாசலில் காத்திருக்கும் நேரத்தில்தான் அவளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. யாரோ வெள்ளைக்காரர்கள் ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களில் கார் ஓட்டும் படங்களைக் கைப்பேசியில் பார்ப்பாள். பார்த்துவிட்டு ஆபீசில் இருக்கும் எனக்கு அனுப்புவாள். கீழே ஒரு வரி இருக்கும்: "இந்த வளைவப் பாருங்க!" கணக்கு மூடும் வேலையில் மண்டை காய்ந்து கிடப்பவனுக்கு வளைவாவது, நெளிவாவது! நான் பார்த்ததே இல்லை. இப்போது அந்தப் படங்களை எல்லாம் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

பிறகு டாக்டர் சொன்னார். கண்ணில் அழுத்தம், வலது பக்கத்து ஓரப் பார்வை தேய்ந்துகொண்டு வருகிறது, போனது திரும்பாது. சொட்டு மருந்து போட்டு இருப்பதைக் காப்பாற்றலாம். இப்போதைக்குப் பகலில் ஓட்டலாம், அடுத்த சோதனையில் அதையும் பார்ப்போம் என்றார். அந்த வருடப் பள்ளி முடிந்ததும் வேனைக் கொடுத்துவிட்டாள். அழவில்லை. கொடுத்த அன்று சாயந்திரம் என் முன்னால் வந்து நின்றாள்.

"அஞ்சே அஞ்சு மல. நானா ஓட்டணும். அப்பறம் சாவிய உங்க கையில குடுத்துடறேன்."

என் கையில் கொடுத்து என்ன பிரயோசனம்? எனக்குப் பைக் லைசென்ஸ் மட்டும்தான். காரில் நான் வாழ்நாள் முழுக்க இடது சீட்டுக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் தூரத்து உலு யாம் மலை வளைவுகளில் போய்ப் பழகினாள். நான் வாந்தி பிடிக்க மடியில் பிளாஸ்டிக் பையோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கடைசி வளைவு முடிந்ததும் சீனன் கடையில் மீ நூடுல்ஸ் வாங்கிக் கொடுப்பாள், தடுப்பூசி போட்ட பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி. வெட்கமில்லாமல் தின்பேன்.

சூரிக்கில் வாடகைக்குக் கார் எடுத்தோம். கியர் போடுகிற கார்தான் வேண்டும் என்று நின்றுவிட்டாள். அங்கே ஸ்டேரிங் இடது பக்கம், நான் வலது பக்கம். அதாவது பள்ளம் என் பக்கம். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்: மாலை வெயில் சாய்ந்தால் அவளுக்குக் கண் கூசும், அதனால் நான்கு மணிக்குள் அறை கிடைத்தாக வேண்டும்.

முதல் நாள் மூன்றரை வரைக்கும் கிடைக்கவில்லை. இரண்டு விடுதிகளில் கையை விரித்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "நடுத்தெருவுல நிப்பாட்டிட்டியே!" என்று கத்தினேன். அவள் ஒரு மாட்டுப் பண்ணை வீட்டின் முன் காரை நிறுத்தினாள். அறை உண்டு என்று வாசலில் பலகை தொங்கியது. "போய்க் கேளுங்க" என்றாள்.

நான் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எஸ்டேட்டில் எவரும் சொல்லிக்கொண்டு வந்ததில்லை. கலும்பாங்கிலிருந்து சித்தப்பா குடும்பம் வருகிறதென்றால், எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரியும். கையில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அவ்வளவுதான் அறிவிப்பு. அன்று ராத்திரி பத்துப் பேர் ஒரு பாயில் உருளுவோம், அடுத்த நாள் எவரையும் போக விடமாட்டோம். அந்தப் பழக்கம் என் உடம்பில் எங்கே ஒளிந்திருந்ததோ, பெட்டியிலிருந்து முறுக்கு டின்னை எடுத்துக்கொண்டேன். வீட்டுப் படிக்குக் கீழேயே சப்பாத்தைக் கழற்றினேன். அந்தக் குளிரில் காலுறையோடு நின்று கதவைத் தட்டி, திறந்த வெள்ளைக்கார அம்மாவிடம் முதலில் டின்னை நீட்டினேன். அறையைக் கேட்க மறந்துபோனேன்.

அந்த அம்மா டின்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், காருக்குள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்தார். உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினார். மாடியறை. கீழே மாட்டுக் கொட்டகை. ஜன்னலைத் திறந்ததும் சாணி வாடை குப்பென்று வந்தது.

"அட, நம்ம லயத்துப் பின்பக்கம்!" என்றாள்.

அந்த வாடையில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளியூரில் தங்கியதே இல்லை. எங்கே போனாலும் வேன் நிறைய ஜனம், சோற்றுப் பானை, யாரோ ஒருவரின் வாந்தி. அன்றைக்கு நானும் அவளும் மட்டும். விளக்கை அணைத்த பிறகும் பேசி முடியவில்லை.

அடுத்த இரண்டு நாளில் மூன்று கணவாய் முடித்தாள். ஐயோ, அவள் ஓட்டியதைப் பார்த்திருக்க வேண்டும்! வளைவு வருவதற்கு முன்பே கியரை இறக்கி, கொண்டையூசி மாதிரி மடங்கும் ரோட்டில் ஒரு கையால் ஸ்டேரிங்கை முழுச் சுற்றுச் சுற்றி, மறு கையைக் கியரில் வைத்து, முகம் முழுக்கச் சிரிப்போடு ஏறினாள். உச்சியில் பனி ஓரமாகக் காரை நிறுத்தி, ரொட்டியில் நெத்திலிச் சம்பல் வைத்துத் தின்றோம். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் வாய் மூடாமல் வந்தேன். "இந்தா சைக்கிள்காரன்! கல்லு, கல்லு! பள்ளம் புள்ள, உள்ள ஒடி! பஸ்ஸு வருது!" பயந்தவனுக்கு வாய்தானே பிரேக்கு.

"யோவ், கொஞ்சம் சும்மா வாய்யா! முப்பது புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போனேன், ஒண்ணும் இப்படிக் கத்துனதில்ல!" என்பாள். ஆத்திரம் வந்தால்தான் எனக்கு 'யோவ்'.

நான்காம் நாள் காலையில் கிளம்பும்போதே சண்டை. நான் கத்துவதால்தான் கியர் தப்புகிறது என்று சொல்லிவிட்டாள். எனக்கும் ரோஷம் உண்டு. சரி, இன்றைக்கு ஒரு வார்த்தை பேசினால் நான் என் அப்பனுக்குப் பிறந்தவன் இல்லை என்று உதட்டை இறுக்கிக்கொண்டேன். நான்காவது கணவாயின் பாதி மலை ஏறும் வரை கார் ஊமையாகப் போனது. முன்னால் வலது ஓரத்தில் ஒரு கிழவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஏறினார். நான் பார்த்தேன். அவளும் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். கார் விலகவில்லை. என் ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளி அவருடைய முழங்கை போனது. அவர் போட்ட சத்தத்தில்தான் அவள் ஸ்டேரிங்கை ஒடித்தாள்.

கொஞ்சம் மேலே போய் ஓரமாக நிறுத்தினாள். கண்ணாடியில் பார்த்தால், கிழவர் கையை ஆட்டித் திட்டிக்கொண்டே மிதித்து வருகிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏன் பேசாம வந்தீங்க?"

"நீதானே வாய மூடச் சொன்ன?"

"நான் திட்டுனா நிறுத்திருவீங்களா? உங்க பேச்ச வச்சித்தான் ஓட்டுறேன். அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியலங்க."

மூன்று நாளாக நான் பயத்தில் கத்திய ஒவ்வொரு வார்த்தையையும் அவள் வாங்கி வாங்கி ஓட்டியிருக்கிறாள். டாக்டர் சொன்னதைவிட வேகமாகக் கண் போயிருக்கிறது, அவளுக்கே இந்த மலையில்தான் தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் விடமாட்டேன் என்று தெரியும்.

கிழவர் எங்களைத் தாண்டும்போது இறங்கி, அவர் முன்னால் இரண்டு கையையும் கூப்பினாள். அவர் என்னவோ முணுமுணுத்துவிட்டுப் போனார். உச்சிக்கு இன்னும் இரண்டே வளைவு. நான் விடாமல் சொல்லச் சொல்ல, ஆமை வேகத்தில் ஏற்றினாள். அங்கே ஒரு விடுதி இருந்தது. இரண்டு கோட்டுக்கு நடுவில் காரை அளந்து வைத்த மாதிரி நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். மணி காலை பதினொன்றுகூட ஆகவில்லை.

"இங்கயே ரூம் இருக்கான்னு கேளுங்க" என்றாள். "போதும்."

இந்த வார்த்தைக்காக நான் எத்தனை சாமியை வேண்டியிருப்பேன்! வந்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"இன்னும் ஒண்ணுதானே புள்ள. அஞ்சுன்னு சொன்னியே. நான் பேசிக்கிட்டே வரேன், ஒரு நிமிசம் வாய மூடமாட்டேன், சத்தியமா."

"நீங்க ஒரு தும்மல் போட்டா அந்த நேரத்துல ஒரு ஆளு போயிருவான்" என்றாள். "இருவத்திரெண்டு வருசம் ஊரான் வீட்டுப் புள்ளைங்கள ஏத்துனேன். ஒரு கீறல் இல்ல. அது அப்படியே இருக்கட்டுங்க."

சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், சும்மா சொல்லவில்லை, வாய்விட்டு அழுதேன்.

விடுதிக்காரர் கார்க் கம்பெனியைக் கூப்பிட்டுச் சொன்னார். மறுநாள் காலை பஸ்ஸில் ஓர் இளம்பெண் வந்து இறங்கினாள், எங்களைக் கீழே கொண்டுபோக. நான் என் பழைய இடத்துக்கே போய்க் கதவைத் திறந்தேன். பார்த்தால் இவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். நானும் பின்னால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலைமுதல் மாலைவரை கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் பெல்ட் மாட்டச் சொன்னவளுக்கு, பின்சீட்டு பெல்ட்டை எங்கே செருகுவதென்று தெரியவில்லை. கையால் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். நான்தான் தேடி மாட்டிவிட்டேன்.

முதல் கொண்டையூசி வளைவை அந்தப் பெண் சீராக இறக்கினாள். இவள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா ஓட்டுது புள்ள" என்றாள்.

சொல்லிவிட்டு என் தோளில் தலையைச் சாய்த்தாள். முப்பத்தொரு வருடத்தில், ஓடுகிற வண்டியில், அதுதான் முதல் தடவை.