வார்டில் பேசிய சினிமா இந்தி

குவைத்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்தபோது எனக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. எனக்கு ஊர் குளச்சல் பக்கம்; பள்ளிக்கூடத்தில் தமிழும் இங்கிலீஷும்தான். இங்கே வந்தால், வார்டைத் துடைக்கும் பீகார்க்காரர், ஆம்புலன்ஸ் ஓட்டும் பாகிஸ்தானி, கேன்டீன் வங்காளி எல்லோருக்கும் பொதுவான பேச்சு இந்தி. நாங்கள் தங்கியிருந்த மங்காஃப் பகுதியில் என் ரூமில் இருந்த நாக்பூர் நர்ஸுக்கு லீவு நாளென்றால் இந்திப் படம் ஓடியாக வேண்டும். சமைத்துக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் நானும் பார்த்தேன். ஒரு வருஷத்தில் பேச வந்துவிட்டது.

ஆனால் அது படத்துப் பேச்சு. வீல்சேரைக் கொண்டுவரச் சொன்னால்கூட கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல இருக்குமாம். பாதி வசனம் கதாநாயகனிடமிருந்து எடுத்தது வேறு. "சிஸ்டர், ஆம்பளை மாதிரி பேசுறீங்க" என்று பீகார்க்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நான் நிறுத்தவில்லை. வேலை நடந்தது.

அப்போதுதான் ஒரு குவைத் அம்மா வந்து சேர்ந்தார். வீட்டில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் ஆபரேஷன். அறுபதைத் தாண்டியவர். எழுப்பி நடக்க வைக்க வேண்டும், மாட்டேன் என்றார். என் அரபி, வலியா தண்ணியா என்று கேட்பதோடு தீர்ந்துவிடும். மகன் இங்கிலீஷில் பெயர்த்துச் சொன்னார்: "வலி எதுவும் இல்லையாம். களைப்பா இருக்காம்."

மகன் கிளம்பிய பிறகு நான் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். அவர் தலையணைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுத்தமான இந்தியில், "என்னை என் விதியோடு விட்டுவிடு" என்றார்.

அந்த மாதிரி வசனத்துக்கு என்ன பதில் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "நான் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது, மாஜி" என்றேன், அதே இந்தியில்.

மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மாவோடும் சித்திகளோடும் தியேட்டரில் இந்திப் படம் பார்த்தாராம். பிறகு வீட்டில் கேசட். "கீழே அரபியில் எழுத்து ஓடும். அதைப் படித்தால் அழுகை தாமதமாக வரும். அதனால் பாஷையையே கற்றுக்கொண்டேன்." பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படம்தான், அம்மாவுக்கு இவ்வளவு இந்தி தெரியும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

"மாஜி, இப்ப உண்மையைச் சொல்லுங்க. எங்கே வலிக்குது?"

வாசலைப் பார்த்துக்கொண்டார். "கெண்டைக்கால். நேற்றிலிருந்து நெருப்பு மாதிரி."

போர்வையை விலக்கினேன். ஒரு கால் வீங்கி, தொட்டால் சுட்டது. ரத்தம் கட்டியிருக்குமோ என்றுதான் முதலில் தோன்றியது.

"மகன்கிட்ட ஏன் சொல்லல?"

"மாசக் கடைசியில் என் கடைசி மகளுக்குக் கல்யாணம். சொன்னால் தள்ளி வைத்துவிடுவார்கள். அது முடியட்டும்."

"இப்படி மறைக்கிற அம்மாவை நீங்க எத்தனை படத்துல பார்த்திருப்பீங்க! கடைசியில அவங்களுக்கு என்ன ஆகும்?"

"செத்துப்போவாள்."

"எங்கே?"

"கல்யாணத்திலேயே." உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு, "அச்சா. டாக்டரைக் கூப்பிடு" என்றார்.

ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. அன்றைக்கே ஊசி ஆரம்பித்தார்கள். நுரையீரலுக்குப் போகும் முன்னே பிடித்துவிட்டோம் என்றார் டாக்டர். மகன் முதலில் கத்தினார். கோபம் அடங்கியதும் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். கல்யாணத்தை யாரும் தள்ளி வைக்கவில்லை.

எனக்கும் அழைப்பு வந்தது. பெண்கள் மட்டும் இருந்த ஹால். வீல்சேரில் பச்சைப் பட்டு உடுத்தி நடுநாயகமாக அவர். அரபிப் பாட்டுகளுக்கு நடுவே பழைய இந்திப் பாட்டு ஒன்றைப் போட்டார்கள். அவர் வயதுப் பெண்கள் எல்லோரும் ஒரு வார்த்தை விடாமல் பாடினார்கள். நானும் குரலை உயர்த்திப் பாடினேன்.

மணப்பெண் என் பக்கத்தில் வந்து, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று இங்கிலீஷில் கேட்டாள். இரண்டு வரிக்குச் சொல்லியிருப்பேன். அதற்குள் அவள் அம்மா என்னைக் கையமர்த்திவிட்டு, மகளைக் குனியச் சொல்லி, மிச்சத்தை அரபியில் தானே சொல்ல ஆரம்பித்தார்.